தணிக்கையை எடுத்த பிறகு எந்த வழி? மியான்மர், சிங்கப்பூர், இந்தோனேசியா காட்டிய பாதைகள்

என் அம்மாச்சி ரங்கூனில் பிறந்தவர். 1964-ல் நே வின் அரசு கடைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, 50, 100 சியாட் நோட்டுகளும் செல்லாது என்று அறிவித்த பிறகு கப்பலேறி வந்த குடும்பம். வியாசர்பாடியில் குடியிருந்துகொண்டு கடைசிவரை ரங்கூனைத்தான் 'நம்ம ஊர்' என்பார். மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸைப் பற்றியும் ஷ்வேடகோன் கோயில் விளக்குகளைப் பற்றியும் ஆசையாகப் பேசுவார். ஒரு சொல் வரும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். 'கலா'. இந்தியாவிலிருந்து போனவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். யார் சொல்கிறார், எந்த நேரத்தில் சொல்கிறார் என்பதைப் பொறுத்து அது வெறும் பெயராகவும் இருக்கும், அடி விழுவதற்கு முந்தைய வசவாகவும் இருக்கும் என்பார்.

அதே சொல் 2012-க்குப் பிறகு மியான்மரின் கைபேசித் திரைகளில் பெருகியது. இந்த முறை அது அதிகமாகக் குறித்தது முஸ்லிம்களை, அவர்களிலும் ராக்கைன் மாநிலத்து ரோஹிங்கியாக்களை. ஐம்பது வருஷம் வாயைக் கட்டிவைத்திருந்த ஒரு நாடு, வாய் திறந்ததும் அதன் முதல் சொற்களில் இதுவும் ஒன்றாக இருந்தது. என்னால் அதை மறக்க முடியவில்லை. அதே சமயம், வாயைத் திறந்திருக்கவே கூடாது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

இது பழைய கதை இல்லை. 2024 ஆகஸ்ட்டில் ஷேக் ஹசீனா வெளியேறிய பிறகு வங்கதேசமும், அதே வருஷம் டிசம்பரில் அசாத் ஓடிய பிறகு சிரியாவும் இதே கேள்வியின் முன்னால் வந்து நின்றன. மூடியிருந்த நாடு மெல்லத் திறக்கும்போது, பேச்சை யார் கையில் விடுவது? அரசின் கையிலா, நீதிமன்றத்திடமா, பத்திரிகைக்காரர்களிடமா, முகநூல் போன்ற நிறுவனங்களிடமா, இல்லை, மக்களிடமே விட்டுவிடுவதா? ஒவ்வொரு வழியையும் ஏதோ ஒரு நாடு முயன்று பார்த்திருக்கிறது. அவற்றை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: அந்த ஏற்பாடு கடைசியில் யார் மேல் பாய்ந்தது, யாரைக் காப்பாற்றியது?

பழைய வழி: முன்தணிக்கை

இதை ஒரு வழியாக எண்ணுவதே தவறு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் 'அப்போதெல்லாம் இப்படி இல்லையே' என்று ஒரு குரல் கேட்கிறது. அதனால் எண்ணித்தான் ஆகவேண்டும்.

மியான்மரில் 1962-ன் அச்சகப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு வார இதழும் தன் பக்கங்களைத் தணிக்கைத் துறைக்கு அனுப்பி, வெட்டு வாங்கி, அப்புறம்தான் அச்சடிக்க வேண்டும். தனியார் நாளிதழே கிடையாது. அந்தத் துறையின் கடைசித் தலைவர் டின்ட் ஸ்வேயே 2011-ல், ஜனநாயகத்தோடு இது ஒத்துப்போகாது, இதை எடுத்துவிட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2012 ஆகஸ்ட் 20 அன்று எடுத்தும் விட்டார்கள்.

அந்த வழி வெறுப்பைத் தடுத்ததா? தடுக்கவில்லை. ரோஹிங்கியாக்களின் குடியுரிமையை வெட்டிய 1982 சட்டம் தணிக்கை முழு வீச்சில் இருந்த காலத்தில்தான் வந்தது. அதை எதிர்த்து ஒரு கட்டுரை எழுத யாருக்கும் வழி இல்லை. தணிக்கை வசவை அழிக்கவில்லை. வசவுக்குப் பதில் சொல்லும் வாயைத்தான் மூடியது. அதனால் இந்த வழியை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பது

மியான்மர் நடந்த வழியை வருஷ வாரியாகப் பார்த்தால்தான் எங்கே பிசகியது என்று தெரியும்.

2012 ஆகஸ்ட்டில் முன்தணிக்கை போனது. 2013 ஏப்ரல் 1 அன்று, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, தனியார் நாளிதழ்கள் கடைக்கு வந்தன. அதே 2013-ல் தொலைத்தொடர்புக்கு இரண்டு வெளிநாட்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2014-ல் அவர்கள் சேவையைத் தொடங்கினார்கள். ராணுவ ஆட்சியில் ஒரு சிம் கார்டு ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற காலம் உண்டு. அது 2014-ல் 1,500 சியாட்டுக்கு, அதாவது அன்றைய கணக்கில் ஒன்றரை டாலருக்கு, இறங்கியது. கணினியையே பார்க்காத கோடிக்கணக்கான பேர் நேராக ஸ்மார்ட்போனுக்கு வந்தார்கள். அவர்களுக்கு இணையம் என்றாலே முகநூல்தான். கடையில் போன் வாங்கும்போதே கடைக்காரர் கணக்கும் தொடங்கிக் கொடுத்துவிடுவார்.

இதற்கு நடுவிலேயே ரத்தம் சிந்திவிட்டது. 2012 ஜூனிலும் அக்டோபரிலும் ராக்கைனில் கலவரம். 2013 மார்ச்சில் மெய்க்டிலாவில் ஒரு நகைக்கடைத் தகராறில் தொடங்கி நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்று பௌத்தத்தைக் குறிக்கும் '969' எண்ணை ஒட்டுத்தாளாக அடித்துப் பௌத்தர் கடைகளில் ஒட்டினார்கள். அந்த இயக்கத்தின் முகமாக இருந்தவர் மண்டலேயின் விராத்து என்ற பௌத்த பிக்கு. 2003-ல் மதவெறியைத் தூண்டியதற்காகச் சிறைக்குப் போனவர், 2012-ல் அரசியல் கைதிகளோடு சேர்ந்து விடுதலையானார். நாடு திறக்கும்போது எல்லாருக்கும் திறக்கிறது. அவருக்கும் திறந்தது.

2014 ஜூலையில் மண்டலேயில் ஒரு டீக்கடை முஸ்லிம் உரிமையாளர் பௌத்தப் பெண்ணைப் பாலியல் வன்முறை செய்ததாக ஒரு வதந்தி. விராத்து அதை முகநூலில் பகிர்ந்தார். தெருவில் கும்பல் கூடி இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் பௌத்தர், ஒருவர் முஸ்லிம். அந்தக் குற்றச்சாட்டே ஜோடிக்கப்பட்டது என்று பின்னால் தெரியவந்தது.

கவனியுங்கள்: தணிக்கை போனதற்கும் சிம் மலிவானதற்கும் நடுவில் இரண்டு வருஷம் இருந்தது. ராக்கைனும் மெய்க்டிலாவும் எச்சரிக்கை மணியை அடித்தபிறகும் அந்த இரண்டு வருஷத்தில் எதையும் கட்டவில்லை. தொலைத்தொடர்பு உரிமம் கொடுக்கும்போது நாட்டின் எத்தனை பங்கு நிலப்பரப்புக்குச் சிக்னல் எட்ட வேண்டும் என்று நிபந்தனை வைக்கத் தெரிந்தது. அந்தச் சிக்னலில் ஒரு கொலை வதந்தி ஓடினால் யாருக்கு போன் செய்வது என்று யாரும் கேட்கவில்லை. 'திறந்ததுதான் தப்பு' என்று சொல்பவர்களோடு நான் இங்கேதான் மாறுபடுகிறேன். திறந்த கையோடு செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அதைச் செய்யவில்லை.

குற்றவியல் சட்டத்தை நீட்டுவது

சரி, சட்டம் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். மியான்மரில் சட்டத்துக்குக் குறைவே இல்லை. 2013 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 66டி பிரிவு, இணையத்தில் அவதூறு செய்தாலோ தொந்தரவு கொடுத்தாலோ மூன்று வருஷம்வரை சிறை என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அது யார் மேல் பாய்ந்தது?

மௌங் சாவ்ங்கா என்ற இளம் கவிஞர் முகநூலில் ஜனாதிபதியைக் கிண்டல் செய்து ஒரு கவிதை எழுதினார். ஆறு மாதம் சிறை. ஆங் சான் சூச்சியின் கட்சி 2016-ல் ஆட்சிக்கு வந்தது. அதில் பலர் தாங்களே எழுத்துக்காகச் சிறை கண்டவர்கள். நிலைமை மாறும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வழக்குகள் குறையவில்லை, கூடின. நூற்றுக்கும் மேல் போயின. அமைச்சரை, ராணுவத்தை, உள்ளூர் அதிகாரியைப் பற்றி எழுதியவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். 2017-ல் தண்டனையை இரண்டு வருஷமாகக் குறைத்து ஜாமீனும் அனுமதித்தார்கள். பிரிவை மட்டும் எடுக்கவில்லை.

அதே வருஷம் ஆகஸ்ட்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்குத் தப்பி ஓடினார்கள். இன் டின் என்ற கிராமத்தில் பத்து ரோஹிங்கியா ஆண்கள் கொல்லப்பட்டதைத் துருவிக்கொண்டிருந்த ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரையும் 2017 டிசம்பரில் கைது செய்து, அடுத்த செப்டம்பரில் ஏழு வருஷம் தண்டித்தார்கள். பயன்படுத்தியது 1923-ன் அரசு ரகசியச் சட்டம். பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தபோது வந்த சட்டம் அது. அதே 1923 சட்டம் இந்தியாவிலும் இன்றும் இருக்கிறது. ஐந்நூறு நாளுக்கு மேல் சிறையில் இருந்த பிறகு 2019 மே மாதம் மன்னிப்பில் வெளியே வந்தார்கள்.

அப்படியானால் விராத்து? அவர்மேல் 2019 மே மாதம் தேசத்துரோக வழக்கு வந்தது. முஸ்லிம்களைப் பற்றிப் பேசியதற்காக இல்லை. ஆங் சான் சூச்சியை இழிவாகப் பேசியதற்காக. ஏழு வருஷம் சிறுபான்மையினரைப் பற்றி அவர் பேசியபோது கண்ணை மூடியிருந்த சட்டம், தலைவரைப் பேசியதும் விழித்துக்கொண்டது. 2021-ல் ராணுவ ஆட்சி வந்ததும் அந்த வழக்கையும் கைவிட்டு அவரை விடுவித்தார்கள்.

இந்த ஒரு மனிதரின் கதை போதும், நான் ஏன் பொத்தாம்பொதுவான 'அவதூறு', 'அவமதிப்பு' சட்டங்களை நம்புவதில்லை என்று சொல்ல. சொற்கள் எவ்வளவு அகலமோ, அவ்வளவு சுலபமாக அதிகாரத்தில் இருப்பவர் கைக்குப் போய்விடும். வன்முறையைத் தூண்டும் பேச்சுக்குச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2012 அக்டோபரில் மொராக்கோவின் ரபாத்தில் ஐ.நா. கூட்டிய நிபுணர்கள் ஆறு கேள்விகளை வைத்தார்கள்: சூழல் என்ன, பேசியவருக்கு என்ன செல்வாக்கு, நோக்கம் என்ன, என்ன சொன்னார், எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது, உடனே கேடு நடக்கும் வாய்ப்பு எவ்வளவு. கவிஞரின் கிண்டலை இந்த ஆறிலும் போட்டுப் பாருங்கள், ஒன்றில்கூட நிற்காது. பதற்றமான ஊரில், ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் ஒரு பிக்கு, டீக்கடையின் பெயரைச் சொல்லிப் போட்ட பதிவைப் போட்டுப் பாருங்கள். அப்படி ஒரு குறுகலான சட்டம், அதையும் நீதிபதி மட்டுமே தீர்மானிப்பது என்றால் நான் ஒத்துக்கொள்வேன்.

அரசே திருத்தம் போடுவது: சிங்கப்பூர்

சிங்கப்பூரை இங்கே கொண்டுவரக் காரணம் இருக்கிறது. மெல்ல மெல்லத் திறப்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கும் ஊர் அது. 1964 இனக் கலவரங்களின் நினைவு அங்கே ஒவ்வொரு சட்டத்தின் பின்னாலும் நிற்கிறது. 2000 செப்டம்பர் 1 அன்று ஹாங் லிம் பூங்காவில் 'பேச்சாளர் மூலை'யைத் திறந்தபோது, பேசப்போகிறவர் முதலில் போலீஸில் பதிவு செய்ய வேண்டும், மதமும் இனமும் பேசக்கூடாது என்றுதான் தொடங்கினார்கள். 2008-ல் பதிவை போலீஸிடமிருந்து பூங்காத் துறைக்கு மாற்றி, ஆர்ப்பாட்டத்தையும் அனுமதித்தார்கள். ஒரு படி, அப்புறம் இன்னொரு படி.

2019 அக்டோபரில் அமலுக்கு வந்த பொய்ச்செய்திச் சட்டம், போஃப்மா, வேறு ஒரு யோசனையைக் கொண்டுவந்தது. ஒரு பதிவு பொய் என்று அமைச்சர் கருதினால், 'இது தவறு, சரியான விவரம் இங்கே' என்று அதன் கூடவே போடச் சொல்லி உத்தரவிடலாம். பெரும்பாலும் பதிவை அழிக்கச் சொல்வதில்லை. படிப்பவர் இரண்டையும் பார்க்கலாம். அழிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பதை மனதார ஒத்துக்கொள்கிறேன். மண்டலே வதந்தியின் கீழேயே, பரவிய முதல் மணி நேரத்தில், அப்படி ஒரு குறிப்பு இருந்திருந்தால்? நினைத்துப் பார்க்கும்போது ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் உத்தரவு போடுவது அமைச்சர். நீதிமன்றத்துக்கு அப்புறம்தான் போக முடியும். 2019 நவம்பரில் முதல் உத்தரவு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் பதிவுக்குத்தான் போனது. அடுத்து வந்தவையும் பெரும்பாலும் எதிர்க்கட்சிகளுக்கும் அரசை விமர்சிப்பவர்களுக்கும்தான். வலுவான நிர்வாகமும் அரசு மேல் ஓரளவு நம்பிக்கையும் உள்ள ஊரிலேயே இப்படி என்றால், 2017 மியான்மரில் இதே அதிகாரம் ஓர் அமைச்சரிடம் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன் டின் கொலைச் செய்தியின் மேல் 'இது பொய்' என்று முத்திரை விழுந்திருக்கும். அந்தக் காலத்தில் அரசே ரோஹிங்கியா கிராமங்களை அவர்களே கொளுத்திக்கொண்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அரசே பொய் சொல்லும் இடத்தில் திருத்தும் வேலையை அரசிடம் கொடுக்க முடியாது.

நிறுவனத்தின் கையில் விடுவது

2015 தொடக்கத்தில் பர்மிய மொழிப் புகார்களைப் பார்க்க முகநூலில் இருந்தவர்கள் இரண்டே பேர். பர்மிய எழுத்துருவிலும் ஒரு சிக்கல். யூனிகோடுக்குப் பதிலாக ஸாவ்ஜி என்ற வேறு குறியாக்கத்தில்தான் நாடே எழுதிக்கொண்டிருந்தது. நம்மூரில் ஒருவர் பாமினியில் அனுப்பியதை இன்னொருவர் யூனிகோடில் திறந்து குப்பையாகப் பார்த்த காலம் ஞாபகம் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். கணினிக்கு அந்த எழுத்தைச் சரியாகப் படிக்கவே வராதபோது, அதிலுள்ள வெறுப்பை எப்படிப் பிடிக்கும்?

அப்புறம் 2017-ல் அவர்கள் 'கலா' என்ற சொல்லைத் தடுக்கத் தொடங்கினார்கள். என் அம்மாச்சி குரலைத் தாழ்த்திச் சொன்ன அதே சொல். நடந்தது என்ன தெரியுமா? பர்மிய மொழியில் நாற்காலிக்கு 'கலாதாயிங்' என்று பெயர். கலா உட்காருவது என்று பொருள். ஒருவகைப் பருப்புக்கு 'கலாபே'. நாற்காலியைப் பற்றியும் பருப்பைப் பற்றியும் எழுதியவர்களின் பதிவுகள் மறைந்தன. 'அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள், அது எங்களைப் புண்படுத்துகிறது' என்று எழுதியவர்களின் பதிவுகளும் சேர்ந்தே போயின. அந்தச் சொல்லால் அடிபட்டவனுக்கு அந்த அடியைப் பற்றிப் பேசவும் வழி இல்லாமல் போனது. படித்தபோது எனக்கு அழுகையே வந்தது.

2018-ல் ஐ.நா. உண்மை அறியும் குழு முகநூலின் பங்கை வெளிப்படையாகச் சொன்ன பிறகு, அந்த ஆகஸ்ட்டில் தலைமைத் தளபதி மின் ஆங் லையிங்கின் பக்கம் உட்பட ராணுவத்தோடு தொடர்புள்ள பல பக்கங்களை நிறுவனம் நீக்கியது. அந்த வருஷக் கடைசியில், தங்கள் தளம் வன்முறையைத் தூண்டப் பயன்படுவதைத் தடுக்கப் போதுமானதைச் செய்யவில்லை என்று ஒத்துக்கொண்டது. ஏழு லட்சம் பேர் எல்லை தாண்டி முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

இருந்தாலும் இந்த வழியை நான் முழுவதும் ஒதுக்க மாட்டேன். அரசே குற்றவாளியாக இருக்கும்போது, தளபதியின் பக்கத்தை மூடும் சக்தி உள்நாட்டில் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை. அந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு இருந்தது. அதற்கு அந்த மொழி தெரிந்த ஆட்கள் வேண்டும், அந்த ஊரில் இருக்க வேண்டும், சந்தைக்குள் நுழையும்போதே அதை நிபந்தனையாக வைக்க வேண்டும். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காததை அப்புறம் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருந்தது.

பத்திரிகைக்காரர்களே பொறுப்பேற்பது: இந்தோனேசியா

எனக்கு அதிக நம்பிக்கை தரும் உதாரணம் இதுதான். குறையில்லாதது என்பதால் இல்லை, குறையோடும் உயிரோடு இருப்பதால்.

சர்வாதிகாரி சுஹார்த்தோ காலத்தில் பத்திரிகை நடத்த உரிமம் வேண்டும். 1994 ஜூனில் டெம்போ, எடிட்டர், டெடிக் மூன்றையும் ஒரே நாளில் மூடினார்கள். 1998-ல் சுஹார்த்தோ விழுந்த பிறகு வந்த ஹபீபி அரசு 1999-ல் 40-ஆம் எண் பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உரிமம் கிடையாது, தணிக்கை கிடையாது, தடை கிடையாது. அதோடு நிற்கவில்லை: பத்திரிகையின் வேலையைத் தடுப்பவருக்கு இரண்டு வருஷம்வரை சிறை அல்லது 50 கோடி ரூபியாவரை அபராதம். அடுத்து வந்த அப்துர்ரஹ்மான் வாஹித் தகவல் அமைச்சகத்தையே கலைத்துவிட்டார்.

அப்படியானால் தப்பாக எழுதினால் யார் கேட்பது? பத்திரிகை மன்றம். செய்தியாளர்கள், நிறுவன நிர்வாகிகள், பொதுவாழ்வில் உள்ளவர்கள் சேர்ந்த அமைப்பு. பாதிக்கப்பட்டவர் அங்கே போகலாம், பதில் வெளியிட வைக்கலாம். பதிலுரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 2012-ல் போலீஸோடு ஓர் உடன்படிக்கையும் செய்துகொண்டார்கள்: பத்திரிகை மேல் புகார் வந்தால் முதலில் மன்றம் பார்க்கட்டும் என்று. மியான்மரிலும் 2012-ல் தற்காலிகப் பத்திரிகை மன்றம் ஒன்று அமைந்தது. ஆனால் 2014-ல் யூனிட்டி இதழ்க்காரர்கள் ஐந்து பேருக்கு, ஓர் ஆயுதத் தொழிற்சாலையைப் பற்றி எழுதியதற்காகப் பத்து வருஷக் கடுங்காவல் விதித்தபோது மன்றத்தால் எதுவும் செய்ய முடியவில்லை. அரசு ரகசியச் சட்டம் பக்கத்திலேயே இருக்கும்போது மன்றம் ஒரு பெயர்ப்பலகைதான். பழைய சட்டத்தை எடுக்காமல் புதிய மன்றத்தை வைப்பதில் பயனில்லை என்று இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகிறது.

இந்தோனேசியாவின் ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. பத்திரிகைக்காரருக்குக் கிடைத்த பாதுகாப்பு சாதாரண மனிதருக்குக் கிடைக்கவில்லை. 2008-ன் மின்னணுத் தகவல் சட்டம் இணையத்தில் எழுதும் குடிமக்களை அவதூறு வழக்குக்குள் இழுத்தது. 1965-ல் வந்த மத நிந்தனைச் சட்டத்தையும் தொடவில்லை. அதன் விலை 2016-ல் தெரிந்தது. ஜகார்த்தாவின் ஆளுநர் அஹோக், சீன வம்சாவளிக் கிறிஸ்தவர், ஒரு தீவில் பேசிய உரையை ஒருவர் வெட்டிப் பதிவேற்றினார். எழுத்தில் போட்டபோது ஒரு சொல் விடுபட்டது. அந்த ஒரு சொல் இல்லாததால், குர்ஆன் வசனத்தை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று அவர் சொன்னது, வசனமே ஏமாற்றுகிறது என்று ஆனது. லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். தேர்தலில் தோற்றார். 2017 மே மாதம் இரண்டு வருஷம் சிறை. சமூக நல்லிணக்கத்தைக் காக்க என்று வைத்திருந்த சட்டம் சிறுபான்மைக்காரர் மேலேயே பாய்ந்தது.

மக்கள் தாங்களே

மியான்மரில் 2014 ஏப்ரலில் 'பன்ஸகா', அதாவது மலர்ப்பேச்சு, என்ற இயக்கத்தைத் தொடங்கினார் நே போன் லாட். வலைப்பதிவுக்காக ராணுவ ஆட்சியில் சிறை கண்டவர். வாயில் ஒரு பூவைக் கவ்வியபடி படம் எடுத்துப் போடுவார்கள்: என் வாயிலிருந்து வெறுப்பு வராது என்பதற்கு அடையாளம். அழகான இயக்கம், துணிச்சலான ஆட்கள். ஆனால் பிக்குகளின் பிரசங்க வீடியோக்களும் பின்னால் ராணுவமே நடத்திய போலிப் பக்கங்களும் சேர்ந்து வந்தபோது பூவால் தாங்க முடியவில்லை.

இந்தோனேசியாவின் அம்போன் நகரில் நடந்தது வேறு. மலுக்குத் தீவுகளில் 1999 ஜனவரியில் தொடங்கிய கிறிஸ்தவ-முஸ்லிம் சண்டையில் ஊரே இரண்டாகப் பிளந்தது. முஸ்லிம் செய்தியாளர்களால் கிறிஸ்தவப் பகுதியில் இருந்த அலுவலகத்துக்கே போக முடியாமல், ஒரே பத்திரிகைக் குழுமத்துக்குள் இரண்டு தரப்புக்கும் தனித்தனி நாளிதழ் வந்தது. 2002-ல் மலினோ அமைதி ஒப்பந்தத்தோடு சண்டை அடங்கிய பிறகு, இரு பக்கத்துச் செய்தியாளர்களும் மதகுருக்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசிப் பழகினார்கள். வருஷக்கணக்கில்.

2011 செப்டம்பரில் ஒரு மோட்டார்சைக்கிள் டாக்ஸி ஓட்டுநர் இறந்தார். முஸ்லிம். விபத்தில்லை, கொலை என்று குறுஞ்செய்தி பரவியது. கூட்டம் மோதியது, வீடுகள் எரிந்தன, உயிர்களும் போயின. அப்போது பாதிரியார் ஜாக்கி மனுபுட்டியும் முஸ்லிம் நண்பர்களும் சேர்ந்து ஒரு குழுவாக இறங்கினார்கள். 'அமைதியைத் தூண்டுபவர்கள்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். இந்த மசூதி எரிகிறது என்று செய்தி வந்தால், அந்தப் பகுதியில் இருப்பவர் உடனே போய்ப் பார்த்து, படம் எடுத்து, எரியவில்லை என்று அனுப்புவார். இந்தத் தேவாலயம் என்று வந்தால் மறுபக்கத்துக்காரர். 1999 திரும்பி வரவில்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பன்ஸகாவினர் 'வெறுப்பைப் பேசாதீர்கள்' என்று கேட்டுக்கொண்டார்கள். அம்போன்காரர்கள் 'அந்த மசூதி எரியவில்லை, இதோ படம்' என்றார்கள். பதற்றத்தில் இருப்பவனுக்கு அறிவுரை ஏறாது, தகவல் ஏறும். ஆனால் அந்தத் தகவலை அனுப்புபவரை அவன் முன்பே நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை ஒரு செயலியால் ஒரே வாரத்தில் கட்ட முடியாது. அம்போனில் அதற்குப் பத்து வருஷம் பிடித்தது.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

ஒரு நாடு இன்று திறந்துகொண்டிருக்கிறது, முடிவெடுப்பவர்களிடம் ஒரு வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் இந்தோனேசியாவின் 1999 சட்டத்தை முன்மாதிரியாக வைப்பேன், அதன் பாதுகாப்பைப் பத்திரிகை அட்டை இல்லாதவருக்கும் நீட்டி. அதற்கும் முன்னால் அவதூறு, அவமதிப்பு, மத நிந்தனை, அரசு ரகசியம் என்ற பெயரில் இருக்கும் பழைய குற்றவியல் பிரிவுகளை எடுக்கச் சொல்வேன். வன்முறைத் தூண்டலுக்கு ரபாத் கேள்விகளை ஒட்டிய ஒரே ஒரு பிரிவு போதும். அது அமைச்சர் கையில் இல்லாமல் நீதிபதி கையில். சிங்கப்பூரின் 'கூடவே திருத்தம்' யோசனையை எடுத்துக்கொள்வேன், ஆனால் அந்தத் திருத்தத்தைப் பத்திரிகை மன்றம் போன்ற ஓர் அமைப்பு போடட்டும்.

இதில் வரிசைதான் எனக்கு முக்கியம். சிம் மலிவாவதற்கு முன்னால் அந்தந்த மொழி தெரிந்த ஆட்களை வைக்கச் சொல்லி நிறுவனங்களிடம் எழுதி வாங்க வேண்டும். கலவர வாய்ப்புள்ள ஊர்களில் அம்போன் போன்ற குழுக்களுக்கு முன்பே பணமும் நேரமும் கொடுக்க வேண்டும். இப்படிச் செய்தாலும் சில பொய்கள் பரவும், சில வசவுகள் தண்டிக்கப்படாமல் போகும். என் அம்மாச்சியைப் போன்றவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லைத் தடைசெய்யும் சட்டத்தை ராணுவத்திடம் கொடுப்பதைவிட, அந்தச் சொல்லுக்குத் திருப்பிப் பதில் சொல்லும் உரிமையை அவரிடம் கொடுப்பதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். அவருடைய வீட்டைக் கொளுத்தச் சொல்பவனைப் பிடிக்க அந்த ஒரு பிரிவு இருக்கட்டும்.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் மறுபடியும் எல்லாவற்றையும் மூடியது. இரண்டு வாரத்தில் தண்டனைச் சட்டத்தில் 505ஏ என்று புதிய பிரிவைச் சேர்த்தார்கள்: அச்சத்தை உண்டாக்கினால், பொய்ச்செய்தி பரப்பினால் மூன்று வருஷம். அந்த மாதங்களில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தெருவில் சுடப்பட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள் பலர், 2017-ல் ரோஹிங்கியாக்களைப் பற்றி வந்ததை நம்பியதற்கு, பேசாமல் இருந்ததற்கு, அதே முகநூலில் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். 2021 ஜூன் 13 அன்று ரோஹிங்கியாக்களுக்காகக் கறுப்பு உடுத்திப் படம் போட்டார்கள். நான்கு வருஷத்துக்கு முன் அவர்களிடம் யாராவது இன் டின் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம். அதை எழுதியவர்கள் அப்போது சிறையில் இருந்தார்கள்.